ஆதி அன்பை விட்டாயோ?

வேத ஆராய்ச்சி: ஏழு சபைகள், எபேசு
(வெளி. 2:1-7)



இந்த மாதம் தியானிக்கப்போகிற பகுதியை எடுத்து எழுத எனக்குப் பல மாதங்கள் தயக்கம் இருந்தது. ஏனென்றால் இது மற்றவர்களுக்குப் போதிக்க எளிதான பகுதி. தனக்கே போதித்துக்கொள்ள மிகவும் கடினமான பகுதி. முதலில் வேதபுத்தகத்தைத் திறந்து வெளி. 2-ம் அதிகாரத்தின் முதல் 7 வசனங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிறகு இதைத் தொடருங்கள்.

பத்மு தீவில் சிறைப்பட்டிருந்த யோவானுக்கு ஆண்டவர் தரிசனமாகி ஏழு சபைகளுக்கு எழுதச் சொன்னார். முதல் கடிதம் எபேசுவுக்கு. எபேசு என்றால் சாதாரண ஊர் அல்ல. ஆசியா நாட்டின் பெரிய துறைமுகப் பட்டணம். உலக அதிசயங்கள் ஏழில் ஒன்றாக எண்ணப்பட்ட தியானாள் கோயில் அங்கேதான் இருந்தது. அதற்கு 127 தூண்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய 25,000 பேர் உட்காரக்கூடிய அரங்கசாலை இருந்தது. அதில்தான் தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட ஜனக்கூட்டம் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினது (அப். 19:34). அந்த அரங்கசாலையின் கல்படிகளை இன்றும் துருக்கி தேசத்தில் போய்ப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட பட்டணத்தில் ஒரு சபை. அந்தச் சபைக்குக் கிடைத்த போதகர்களைக் கவனியுங்கள். பவுல் மூன்று வருஷம் இராப்பகலாய்க் கண்ணீரோடு புத்திசொன்ன சபை அது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் இருந்த சபை. அப்பொல்லோ பிரசங்கித்த பட்டணம். தீமோத்தேயுவை நிறுத்தி வைத்த சபை. யோவானும் தம் முதிர்வயதில் அங்கேதான் வாழ்ந்தார் என்று ஆதிச் சபையார் சொல்லி வந்திருக்கிறார்கள். நம் சபைக்கு வருஷத்துக்கு ஒருமுறை வெளியூர்ப் போதகர் வந்தாலே எவ்வளவு சந்தோஷப்படுகிறோம்!

இந்தச் சபையைப் பார்த்து ஆண்டவர் முதலில் குறை சொல்லவில்லை. பாராட்டுகிறார். உன் கிரியையை அறிவேன், உன் பிரயாசத்தை அறிவேன், உன் பொறுமையை அறிவேன் என்கிறார். பொல்லாதவர்களைச் சகிக்காத சபை. அப்போஸ்தலர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களைச் சோதித்து, பொய்யர் என்று கண்டுபிடித்த சபை. நிக்கொலாய் மதஸ்தரின் கிரியைகளை வெறுத்த சபை. பாடுபட்டும் இளைப்படையாத சபை. இன்றைக்கு இப்படி ஒரு சபை நம் ஊரில் இருந்தால், நாம் எல்லாரும் அதில் அங்கத்தினராகத்தான் ஆசைப்படுவோம்.

ஆனால் 1 தெசலோனிக்கேயர் 1:3-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் இதே மூன்று வார்த்தைகள்தான்: கிரியை, பிரயாசம், பொறுமை. மூல பாஷையிலும் அதே வார்த்தைகள். வித்தியாசம் என்ன? தெசலோனிக்கேயரிடத்தில் கிரியை விசுவாசத்திலிருந்து வந்தது. பிரயாசம் அன்பிலிருந்து வந்தது. பொறுமை நம்பிக்கையிலிருந்து வந்தது. எபேசுவில் கிரியை இருந்தது, பிரயாசம் இருந்தது, பொறுமையும் இருந்தது. அவைகளுக்கு முன்னால் இருந்த மூன்று வார்த்தைகள் காணாமல் போய்விட்டன. வேர் காய்ந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு மரம் பச்சையாகத்தான் நிற்கும்.

ஆதியில் அந்த அன்பு எப்படி இருந்தது என்று அறிய அப். 19-ஐ வாசியுங்கள். மாயவித்தைக்காரராயிருந்தவர்கள் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகச் சுட்டெரித்தார்கள். அதன் கிரயம் 50,000 வெள்ளிக்காசு. ஒரு வெள்ளிக்காசு என்பது ஒரு கூலியாளுடைய ஒரு நாள் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவன் ஒரு நாளும் ஓயாமல் 130 வருஷத்துக்குமேல் வேலை செய்தால் கிடைக்கிற பணம்! 'எரிப்பானேன், விற்று அந்தப் பணத்தை ஊழியத்துக்குக் கொடுக்கலாமே' என்று யாரும் கமிட்டி போட்டுப் பேசினதாக எழுதியிருக்கவில்லை. அன்பு கணக்குப் பார்ப்பதில்லை. பவுல் கடைசியாக அவர்களைப் பார்க்க மிலேத்துவிலிருந்து ஆள் அனுப்பினபோது, சபையின் மூப்பர்கள் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பிரயாணம் பண்ணி வந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிற்பாடு பவுல் அவர்களுக்கு எழுதின நிருபத்தை முடிக்கும்போது, இயேசுவிடத்தில் அழியாத அன்பு வைத்திருக்கிறவர்களுக்கு என்று சொல்லித்தான் முடிக்கிறார் (எபே. 6:24).

அந்த நிருபத்துக்கும் யோவான் எழுதின கடிதத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 30 வருஷங்கள் போயிருக்கும் என்று வேத பண்டிதர் பலர் சொல்லுகிறார்கள். அதாவது, புத்தகங்களை எரித்தவர்களுடைய பிள்ளைகள் இப்போது சபையின் மூப்பர்கள். அவர்கள் அந்த நெருப்பைச் சிறுவயதில் பார்த்திருக்கலாம். அல்லது அப்பா சொல்லக் கேட்டிருக்கலாம். பெந்தெகொஸ்தே குடும்பங்களில் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறையாக வளருகிற வாலிபர்களே, இதை வாசிக்கும்போது உங்கள் முகங்கள்தான் எனக்கு முன்பாக வருகின்றன. ஆனால் இன்று உங்களைக் குறித்து எழுதப்போவதில்லை. முதல் தலைமுறையில் வந்த நானே விழுந்த கதையைத்தான் எழுதப்போகிறேன்.

ஆண்டவர் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள். ஆதி அன்பை நீ இழந்துபோனாய் என்று அவர் சொல்லவில்லை. விட்டாய் என்றார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்! பஸ்ஸில் பர்ஸ் தொலைந்தால் அது இழப்பு, யாரோ திருடியிருக்கலாம். ஆனால் விட்டது நாமே விட்டது. பேதுருவும் அந்திரேயாவும் வலைகளை விட்டு இயேசுவுக்குப் பின்சென்றார்கள் என்று மத். 4:20-ல் வருகிற அந்த 'விட்டு' என்ற வார்த்தையும் மூல பாஷையில் இதே வார்த்தைதான். ஒருநாள் அவருக்காக வலையை விட்ட கை, வேறொருநாள் வலைக்காக அவரை விட்டுவிடக்கூடும். சில சமயம் அந்த வலைக்கு 'ஊழியம்' என்று பேர் வைத்திருப்போம்.

நான் 1986-ல் இரட்சிக்கப்பட்டேன். அப்போது ஒரு சைக்கிள் கடையில் வேலை. எங்கள் வீட்டில் நான்தான் முதலாவது ஆண்டவரிடம் வந்தவன். தினமும் விடியற்காலம் நாலு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். ஜெபிக்கத் தெரியாது. அழத் தெரியும், ஸ்தோத்திரம் சொல்லத் தெரியும். அம்மா கீழேயிருந்து, "ஏலே, மெதுவா! பக்கத்து வீட்டுல பிள்ளைக தூங்குது" என்று சத்தம்போடுவார்கள். மூன்று வருஷம் சத்தம்போட்டு, நாலாம் வருஷம் அம்மாவும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். கர்த்தருக்கே மகிமை!

பிறகு ஊழியம் வந்தது. சபை வந்தது. ஷெட் போட்டோம், ஷெட்டைப் பிரித்துக் கட்டடம் கட்டினோம். கூட்டங்களுக்கு அழைப்புகள் வந்தன. மாடிக்குப் போகிற நாட்கள் குறைந்தன. அது ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பிரயாண அலுப்பு என்று ஒருநாள். ராத்திரி ஜெபம் நடந்ததே என்று ஒருநாள். நாளைக்குச் செய்திக்கு ஆயத்தப்பட வேண்டும் என்று ஒருநாள். வேதத்தை வாசித்தேன், ஆனால் குறிப்பு எடுக்க வாசித்தேன். ஜெபித்தேன், ஆனால் மைக்குக்கு முன்னால் ஜெபித்தேன்.

2011 மே மாதம் ஒரு கன்வென்ஷன். மூன்று நாள் கூட்டம், கடைசி நாள் செய்தி என்னுடையது. இரண்டாம் நாள் மத்தியானம் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, அம்மா கீழ விழுந்துட்டாக. இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்குன்னு சொல்லுதாக. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போ." இரண்டரை மணி நேர பஸ் பிரயாணம். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு மறுநாள் மத்தியானத்துக்குள் திரும்பி வந்திருக்கலாம். நான் போகவில்லை. "நாளைக்கு என் செய்திம்மா, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றேன்.

மறுநாள் நான் எடுத்த வசனம் மத். 10:37. தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று ஆண்டவர் சொன்னாரே, அந்த வசனம். செய்தியின் நடுவில் சொன்னேன்: என் தாயார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள், நானோ இங்கே நிற்கிறேன் என்று. ஜனங்கள் அழுதார்கள். அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். எனக்கும் கண்ணீர் வந்தது. தேவனை எல்லாவற்றுக்கும் மேலாக நேசிக்கிறவன் நான் என்று அன்று ராத்திரி மெய்யாகவே நம்பினேன்.

கூட்டம் முடிந்து அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "கூட்டம் நல்லா நடந்துச்சா ராசா? நிறைய பேர் வந்தாகளா?" ஏன் வரவில்லை என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாளும் கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து அம்மாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் காலையில் காப்பி கொடுக்கப் போனேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்கள்: "ராசா, ஒனக்குத் தொண்டையில ஏதும் கோளாறா? டாக்டர்ட்ட காட்டுனியா?"

"இல்லியேம்மா, ஏன்?"

"முன்ன வீட்டுல விடியக்காலம் நீ ஜெபிக்கிற சத்தத்துலதான முழிப்பேன். இங்க வந்து ரெண்டு மாசமாச்சு. ஒரு சத்தமும் கேக்கலையே."

குத்திக்காட்டவில்லை. அம்மாவுக்கு அப்படிப் பேசத் தெரியாது. மெய்யாகவே தொண்டை வலி என்றுதான் நினைத்திருக்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பத்துத் தடவைக்குமேல் பிரசங்கித்தவன் நான். அதை எனக்குப் பிரசங்கிக்க, எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் வரவேண்டியிருந்தது.

இப்போது அந்த மத். 10:37-க்குத் திரும்பி வருவோம். அந்த வசனம் பொய்யா? ஒருக்காலும் இல்லை. ஆண்டவரை விட்டுவிடு என்று தாய் சொன்னாலும், தகப்பன் சொன்னாலும் விடக்கூடாது. இரட்சிக்கப்பட்டதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்த வசனம் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே ஆண்டவர் மாற்கு 7-ல் பரிசேயரைப் பார்த்து என்ன சொன்னார்? தாய் தகப்பனுக்குக் கொடுக்கவேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுகிறீர்களே என்று கடிந்துகொண்டார். அவர் சிலுவையில் தொங்கின நேரத்திலும் தம்முடைய தாயைச் சீஷனிடத்தில் ஒப்புவித்தார். அன்று அந்த மேடையில் என் நேரத்துக்கு நான் 'கொர்பான்' என்று பேர் வைத்திருந்தேன். என் தாயிலும் அதிகமாய் நான் நேசித்தது தேவனை அல்ல. மேடையை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றே ஒன்று. ஒருவரும் பார்க்காத இடத்தில் அவரோடு இருக்க உனக்கு ஆசையிருக்கிறதா? ஆட்கள் முன்னால் அவருக்காக எதையும் விடலாம். கைதட்டல் அதற்குக் கூலி கொடுத்துவிடும். யோவான் 21-ல் ஆண்டவர் பேதுருவைப் பார்த்து, இனிமேல் எனக்காக என்ன செய்வாய் என்று கேட்கவில்லை. என்னை நேசிக்கிறாயா என்று மூன்றுதரம் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஆடுகளை அவன் கையில் கொடுத்தார். நாமோ ஆடுகளை வாங்கிக்கொண்டு, கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடிவிடுகிறோம்.

எபேசுவுக்கு ஆண்டவர் கொடுத்த மருந்து வெளி. 2:5-ல் இருக்கிறது. எங்கேயிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். மூன்றாவதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஆதியில் இருந்த உணர்ச்சிகளை வரவழை என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். அது நம் கையில் இல்லை. ஆதியில் செய்ததைச் செய் என்கிறார். அது நம் கையில் இருக்கிறது.

எனக்கு ஆதியில் செய்தது மொட்டை மாடி. போனேன். உடனே வானம் திறந்தது என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாயிருக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும். முதல் பதினைந்து நாள் ஒன்றுமே இல்லை. கண்களை மூடினால் பிரசங்கக் குறிப்புதான் வரும். "ஆண்டவரே" என்று ஆரம்பிப்பேன், ஐந்து நிமிஷத்தில் மூன்று தலைப்புகளோடு ஒரு செய்தி ஆயத்தமாகிவிடும்! வெட்கமாயிருந்தது. கொசுக்கடி வேறு. தூக்கம் வேறு. ஆனாலும் போய்க்கொண்டே இருந்தேன். ஒருநாள் சைக்கிள் கடையும், அந்தப் பழைய வீடும், ஒன்றுமே தெரியாமல் அவரை மட்டும் தேடிப் போன அந்தப் பையனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அன்று என்ன ஜெபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. கீழேயிருந்து அம்மாவின் குரல்தான் கேட்டது: "ராசா, மெதுவா! பக்கத்து வீட்டுல பிள்ளைக தூங்குது."

2014-ல் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்த மூன்று வருஷமும் வெளியூர்க் கூட்டங்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன். ஊழியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எபேசுவைக் குறித்துப் பிரசங்கிகளாகிய நாங்கள் அவசரப்பட்டுச் சொல்லுகிற ஒரு காரியத்தையும் இங்கே திருத்திவிட வேண்டும். 'எபேசு மனந்திரும்பவில்லை, விளக்குத்தண்டு நீக்கப்பட்டது, இன்று அங்கே வெறும் கல்லும் முள்ளும்' என்று நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்று அந்தப் பட்டணம் பாழாய்க் கிடப்பது உண்மை. ஆறு கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. தியானாளின் கோயில் இருந்த இடத்தில், கிடைத்த துண்டுகளை அடுக்கி நிறுத்தின ஒரே ஒரு தூண் நிற்கிறது. ஆனால் சபை உடனே அழிந்துபோகவில்லை. 431-ம் வருஷத்தில்கூட அங்கே பெரிய சபை ஆலோசனைச் சங்கம் கூடியிருக்கிறது.

அதற்கும் வெகுகாலத்துக்கு முன்பு, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தியோகியா சபையின் கண்காணியாகிய இக்னேஷியஸ் என்பவரைக் கைதுசெய்து, இரத்தசாட்சியாய் மரிக்கும்படி ரோமாபுரிக்குக் கொண்டுபோனார்கள். போகிற வழியில் அவர் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவைகளில் ஒன்று எபேசு சபைக்கு. அது நமக்கு இன்றும் இருக்கிறது. யோவானின் கடிதம் அவர்கள் கைக்கு வந்து ஏறக்குறைய 15, 20 வருஷம் போயிருக்கும். அதில் அவர் எபேசு சபையாரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறதற்குச் சொல்லுகிற காரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? நீங்கள் தேவனையல்லாமல் வேறொன்றையும் நேசிக்கிறதில்லை என்பதே.

இதை முதல் தடவை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேட்டிருக்கிறார்கள்! யாரோ ஒரு மூப்பர் அந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்திருப்பார். யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு முழங்காலில் விழுந்திருப்பார்.

இக்னேஷியஸ் அந்தக் கடிதத்தை எழுதினது சிமிர்னா பட்டணத்தில் தங்கியிருந்தபோது. கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் அந்தச் சிமிர்னா சபையைக் குறித்துத் தியானிப்போம். வெளி. 2:8-11 வாசித்து ஆயத்தமாயிருங்கள். எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.